ஹங்கர் கேம்ஸ்: அந்தக் காதல் தேவைதானா? வாசித்தவர்கள் சொல்லுங்கள்

மழைக்கால வாசகி

மூன்று புத்தகங்களையும் ஒரே இழுவையில் வாசித்து முடித்துவிட்டேன். யாரிடமாவது கதைக்காவிட்டால் மனம் ஆறாது, அதுதான் இங்கே எழுதுகிறேன். சூசன் கொலின்ஸ் எழுதியது, முதல் புத்தகம் 2008 இல், மற்ற இரண்டும் அடுத்தடுத்த வருடங்களில் வந்தவை. படம் பார்க்காமல் நேராகப் புத்தகத்துக்குப் போனவள் நான். கதையின் முடிவு வரைக்கும் கதைக்கப் போகிறோம், வாசிக்க நினைப்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பனெம் என்று ஒரு நாடு. கப்பிட்டல் என்ற பணக்கார நகரம், அதற்குக் கீழே 12 மாவட்டங்கள். ஒரு காலத்தில் மாவட்டங்கள் கிளர்ந்தெழுந்து தோற்றுப்போனதற்குத் தண்டனையாக, வருடா வருடம் ஒவ்வொரு மாவட்டத்திலும் 12 முதல் 18 வயது வரையான பிள்ளைகளில் ஒரு பெடியனையும் ஒரு பெண்பிள்ளையையும் சீட்டுப்போட்டு எடுத்து, 24 பேரையும் ஓரிடத்தில் விட்டு, கடைசியில் ஒருவர் மிஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்ல வைத்து, அதை நாடு முழுக்க ரீவியில் காட்டுகிறார்கள். கதை சொல்வது 12 ஆம் மாவட்டத்துக் கட்னிஸ். 16 வயது, அப்பா சுரங்க வெடிப்பில் செத்துப்போனவர். சீட்டில் வந்த பெயர் அவளுடையது இல்லை, தங்கச்சி பிரிமுடையது. பிரிமுக்கு 12 வயது, அது அவளுக்கு முதல் வருடம், அத்தனை துண்டுகளுக்குள் அவள் பெயர் எழுதியது ஒன்றே ஒன்றுதான். தங்கச்சி மேடையை நோக்கி நடந்து போகும்போது அவளுடைய சட்டையின் பின்பக்கம் பாவாடைக்கு வெளியே வந்து தொங்குவதைக் கட்னிஸ் காண்கிறாள். காலையில் அவள்தான் அதை உள்ளே விட்டுச் சரிசெய்தவள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறார், தங்கச்சி உள்ள ஒருத்திக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. அந்த இடத்திலேயே கட்னிஸ் தங்கச்சிக்குப் பதிலாகத் தான் போகிறேன் என்று முன்னுக்கு வந்து நிற்கிறாள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் போய் இருந்தேன்.

இப்படித் தொடங்கிய கதை பிறகு எங்கே போகிறது என்று பாருங்கள். கூடவே எடுபட்ட பெடியன் பீட்டா, ரீவி நேர்காணலில் இவளைத்தான் விரும்புகிறேன் என்று நாடறியச் சொல்கிறான். ஊரில் கேல் என்று இன்னொருவன், காட்டுக்குள் சேர்ந்து வேட்டையாடியவன். அங்கே தொடங்கி மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை இவனா அவனா என்ற இழுபறி. என்னுடைய பச்சில் இதை வாசித்த பிள்ளைகளிடம் கேட்டால் எல்லோரும் திருப்பிக் கேட்கிற ஒரே கேள்வி, நீ பீட்டா பக்கமா, கேல் பக்கமா? ரூ என்ற சின்னப்பிள்ளை ஈட்டி பாய்ந்து சாகிறாள், அவளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. கடைசியில் கப்பிட்டலுக்கு எதிரான போர் முடிந்து, பீட்டாவோடு சேர்ந்து, இரண்டு பிள்ளைகள் பெற்று, சுபம். இவ்வளவு சாவுக்கும் பிறகு இதுதானா முடிவு என்று எனக்குச் சரியான கோபம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தங்கச்சி பத்தாம் வகுப்பு, புத்தகத்தைத் தா என்று பின்னுக்கும் முன்னுக்கும் திரிகிறாள். அம்மா புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் காதல் இருக்கா என்றுதான் முதலில் கேட்டார். கொலை இருக்கா என்று கேட்கவில்லை. கொடுக்கலாமா?


தின்னவேலித் தம்பி

அக்கா, ரூவைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் காதலை வெளியே எடுத்தால் முதல் புத்தகமே நிற்காது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பீட்டா நேர்காணலில் சொன்ன உடனே கட்னிஸ் என்ன செய்தாள்? வெளியே வந்து அவனைப் பிடித்துத் தள்ளி விழுத்துகிறாள், அவன் கையில் காயம். தன்னைப் பலவீனமானவளாகக் காட்டிவிட்டான் என்று கோபம். அப்போது அவர்களுடைய வழிகாட்டி ஹேமிச் சொல்கிறார், அவன் உனக்கு நல்லதுதான் செய்திருக்கிறான், இப்போது உன்னை எல்லாரும் விரும்பிப் பார்ப்பார்கள் என்று. பார்க்கிறவர்கள் விரும்பினால்தான் காசு போடுவார்கள், காசு போட்டால்தான் களத்துக்குள் மருந்தும் சாப்பாடும் பரசூட்டில் வந்து இறங்கும். குகைக்குள் பீட்டா கால் காயம் சீழ் பிடித்து, காய்ச்சலில் கிடக்கும்போது அவள் அவனை முதன்முதலாக முத்தமிடுகிறாள், உடனே வெளியே ஒரு பானை சூப் வந்து இறங்குகிறது. ஹேமிச் என்ன சொல்ல வருகிறார் என்று அவளுக்கு உடனே விளங்கிவிடுகிறது. ஒரு முத்தத்துக்கு ஒரு பானை. இதை வாசிக்கும்போது காதல் கதை வாசிக்கிற சந்தோசமா வருகிறது? எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பசி கிடக்கிற பிள்ளைகளைக் காதலித்துக் காட்டச் சொல்லி, அதற்குக் கூலியாகச் சாப்பாடு போடுகிறார்கள்.

கதை முழுக்க அவள் வாயாலேயே, நடக்க நடக்கச் சொல்லப்படுவதால், நடிக்கிறாளா உண்மையாகவே விருப்பம் வந்துவிட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. எங்களுக்கும் தெரியாது. ஒருவர்தான் மிஞ்சலாம் என்ற விதியையும் மீறி இரண்டு பேரும் உயிரோடு திரும்பிய பிறகு, இரண்டாம் புத்தகத்தில் ஜனாதிபதி ஸ்னோ அவள் வீட்டுக்கே வந்து இருந்து, நீங்கள் காதலர்கள் என்பதை மாவட்டங்கள் நம்ப வேண்டும், என்னையும் நம்ப வை என்று மிரட்டுகிறார். காதலை நிரூபிக்காவிட்டால் வீட்டாருக்குச் சாவு. இப்படி ஒரு காதலை நான் வேறெங்கும் வாசித்ததில்லை. உங்கள் பச் பிள்ளைகள் நீ யார் பக்கம் என்று கேட்கிறார்கள்தானே, அவர்கள் கப்பிட்டல்காரர் பார்த்த மாதிரியே கதையைப் பார்க்கிறார்கள். அது எழுதியவருடைய பிழை இல்லை.


வன்னிமகள்

தங்கச்சி, நான் இப்போது கோப்பாய்ப் பக்கம் இருக்கிறேன், 2009 வரைக்கும் வன்னி. இந்தப் புத்தகத்தை என் மகனுடைய இங்கிலிஸ் ரியூசன் சேர் கொடுத்தனுப்பினார், மகன் வாசிக்கவில்லை, அகராதியை வைத்துக்கொண்டு நான்தான் மெல்ல மெல்ல வாசித்தேன்.

எனக்கு முதலில் குத்தியது சீட்டுப்போடுவது இல்லை. தானியத்துக்குப் பெயர் கொடுப்பது. வீட்டில் பட்டினி என்றால், குலுக்கலில் தன் பெயரை இன்னொரு தரம் எழுதிப் போட்டு, ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்குக் கொஞ்சத் தானியமும் எண்ணெயும் வாங்கலாம். அது வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். அதனால் கட்னிசுடைய பெயர் 20 துண்டுகளில், கேலுடைய பெயர் 42 துண்டுகளில். இல்லாத வீட்டுப் பிள்ளைதான் கூடச் சாகும் என்று கணக்குப்போட்டு வைத்திருக்கிறார்கள். நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனிக் காதலுக்கு வருகிறேன். வீட்டுக்கு ஒரு பிள்ளையைச் சண்டைக்குத் தா என்று இயக்கம் கேட்ட காலத்தில் எங்கள் பக்கத்தில் அவசர அவசரமாகக் கலியாணம் நடந்தது. கட்டினவர்களைக் கொண்டுபோக மாட்டார்கள் என்ற நம்பிக்கை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளைத் தாய்மார் பிடித்துச் சேலை உடுத்திவிட்டார்கள். எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பிள்ளை, பெயர் சொல்லவில்லை, மாமன் மகனைக் கட்டினாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரு வகுப்பு வித்தியாசம், அதுவரை அவனை அண்ணா என்றுதான் கூப்பிட்டவள். தாலி வெளியே தெரிகிற மாதிரிப் போட்டுக்கொண்டு தண்ணி அள்ளப் போவாள், யாராவது வந்தால் கையால் தாலியை எடுத்துச் சட்டைக்கு மேலே விடுவாள். ஊருக்குக் காட்டத்தான் அந்தக் கலியாணம். ஆனால் பங்கருக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்து, ஒரு கோப்பைக் கஞ்சியை இரண்டு பேரும் பங்கிட்டு, காய்ச்சலில் ஒருவரை ஒருவர் பார்த்து, அது எப்போது உண்மையானது என்று அவளிடம் கேட்டால் அவளால் சொல்ல முடியாது. இன்றைக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அதனால் குகைக்குள் நடப்பதை வாசித்தபோது காதல் எதற்கு என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை. உயிர் தப்புவதற்காகத் தொடங்கிய ஒன்று பிறகு உண்மையாகலாம், ஆகாமலும் போகலாம். ஆகாமல் போய் அழிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், பதினாறு பதினேழு வயதில் தாயாகித் தனித்துப் போனவர்கள், அவர்களைப் பற்றி யாரும் கதை எழுதவில்லை. எழுத வேண்டும்.


வடமராட்சியான்

வன்னிமகள் அக்கா எழுதியதை மரியாதையோடு வாசித்தேன். ஆனால் எங்கே ஒரு கொடுங்கோல் நாடு வந்தாலும் உடனே எங்களுடைய கதைதான் என்று பிடித்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கொலின்ஸ் இதை எங்களை நினைத்து எழுதவில்லை. ஒரு இரவு ரீவி சனலை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றில் இளைஞர்கள் போட்டியிடும் ரியாலிட்டி ஷோ, இன்னொன்றில் ஈராக் போர்க் காட்சி, இரண்டும் மனதுக்குள் கலந்துபோனதில் வந்தது என்று அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். கிரேக்கக் கதையில் பாதி மனிதன் பாதி எருதான மினோட்டோருக்கு இரையாக ஏதென்ஸ் நகரம் பிள்ளைகளை அனுப்புவதும் அவர் சொன்னதுதான். அடிப்படையில் இது வீட்டுக்குள் வசதியாக இருந்து போரைப் பார்க்கிறவர்களுக்கு எழுதிய கதை, நாங்கள் அந்தப் பக்கம் இருந்தவர்கள் இல்லை.

அதைவிட ஒரு பெரிய வித்தியாசம். கப்பிட்டல் ஆட்கள் எங்கேயோ தூரத்தில் இருப்பவர்கள், பேச்சு வேறு, உடுப்பு வேறு, உடம்புக்குக் கூடச் சாயம் பூசுகிறார்கள். அவர்களை வெறுப்பது சுகம். எங்களிடம் பிள்ளை கேட்டு வந்தவர்கள் எங்கள் மொழியில் கதைத்தார்கள், படலையைத் திறந்து அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள், பாதிப்பேருடைய தாய் தகப்பனை எங்களுக்குத் தெரியும். அந்த நோவு இந்தப் புத்தகத்தில் இல்லை.

காதல் பற்றியும் நான் கேள்வி கேட்டவர் பக்கம்தான். முதல் புத்தகத்தில் தம்பி சொன்ன நியாயம் இருக்கிறது. இரண்டாவதில் அவர்களை மறுபடி களத்துக்குள் விட்ட பிறகு, கடற்கரையில் இருந்து முத்தமிடும் இடத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.


வன்னிமகள்

தம்பி, படலையைத் திறந்து வந்தவர்கள் என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் மூன்றாம் புத்தகத்தை நான் இரண்டாம் தரமும் வாசித்தேன். அழிந்துபோனது என்று கப்பிட்டல் சொல்லிவந்த, ஆனால் ஒளிந்து இருந்த 13 ஆம் மாவட்டத்தை யோசியுங்கள். கப்பிட்டலுக்கு எதிராகச் சண்டை பிடிப்பவர்கள், கட்னிசுடைய ஆட்கள். அவர்களுடைய தலைவி கொய்ன் என்ன செய்கிறாள்? வென்ற பிறகு கப்பிட்டல் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஒரு தரம் அதே விளையாட்டை நடத்துவோம் என்கிறாள். கட்னிஸ் அம்பை விட்டது ஸ்னோவுக்கு இல்லை, கொய்னுக்கு. எனக்குத் தெரிந்த நோவு அந்தப் பக்கங்களில் இருக்கிறது.


சுன்னாகம் ரீச்சர்

நான் இங்கிலிஸ் படிப்பிக்கிறேன், உயர்தரத்தில் தமிழ் படித்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

பிள்ளை, நீங்கள் சட்டையின் பின்பக்கத்தைக் கவனித்திருக்கிறீர்கள், அதுவே எனக்குப் பெரிய சந்தோசம். அதே காலையில் இன்னொன்றும் நடக்கிறது. தாய் தன்னுடைய நல்ல நீலச் சட்டையை எடுத்துக் கட்னிசுக்கு வைத்துவிட்டு, அவளுடைய தலையைப் பின்னிக் கட்டிவிடுகிறாள். சாகக் கொடுக்கக்கூடிய நாளுக்குப் பிள்ளையை வடிவாக வெளிக்கிடுத்துகிறாள். இதை வாசித்தபோது எனக்குப் புறநானூற்றின் 279 ஆம் பாட்டுத்தான் ஞாபகம் வந்தது, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முதல் நாள் போரில் கணவனைப் பறிகொடுத்தவள், அதற்கும் முன்னொரு போரில் பிறந்த வீட்டிலும் சாவு, இன்றைக்கு மறுபடி பறை கேட்டதும் இருக்கிற ஒரே மகனுக்கு வெள்ளை உடுத்தி, எண்ணெய் பூசித் தலை வாரி, கையில் வேலைக் கொடுத்துப் போருக்குப் போ என்கிறாள். பள்ளிக்கூடத்தில் அதை வீரம் என்று படித்தோம், நானும் வகுப்பில் நிமிர்ந்து நின்று சொன்னவள்தான். இப்போது படிப்பிக்கும்போது அந்த எண்ணெய் பூசுகிற கையில் நின்றுவிடுகிறேன், அதற்கு அப்பால் போக மனம் வருவதில்லை. புலவர் அந்தத் தாயின் துணிவைச் சொல்லும்போதே அவளுடைய சிந்தை கெடட்டும் என்றுதான் தொடங்குகிறார், அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காதல் தேவையா என்றால், கேலும் பீட்டாவும் யார் என்று பாருங்கள். கேல் கெட்டவன் இல்லை. அவனுடைய கோபம் நியாயமான கோபம். ஆனால் அவன் 13 ஆம் மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒரு குண்டுக்குத் திட்டம் போடுகிறான்: முதலில் ஒன்று வெடிக்கும், காயப்பட்டவர்களைத் தூக்க ஆட்கள் ஓடிவருவார்கள், அப்போது இரண்டாவது வெடிக்கும். அந்த இரண்டாவதில் போனது யார்? மருத்துவ உதவிக்கு ஓடிவந்த பிரிம். அந்தக் குண்டு தன்னுடையதா என்று கேலுக்கே நிச்சயமில்லை, கட்னிசுக்கும் இல்லை, ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒன்றும் மிஞ்சவில்லை. செல் விழுந்த இடத்துக்கு ஓடிப்போய் இரண்டாவது செல்லில் போனவர்களை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், வடமராட்சியான் தம்பிக்கும் தெரிந்திருக்கும். யாரைக் கட்டுவது என்ற கேள்விக்குள்ளே போருக்குப் பிறகு எந்த மாதிரி மனிதரோடு ஒரு வீட்டில் இருக்க முடியும் என்ற கேள்வி இருக்கிறது. என்னிடம் ஏற்கனவே போதிய நெருப்பு இருக்கிறது என்கிற அர்த்தத்தில் கடைசியில் கட்னிஸ் சொல்கிறாள். கொலின்சுடைய தகப்பன் விமானப்படையில் இருந்து வியட்நாம் போனவர். போருக்குப் போய் வந்த ஒருவரோடு வளர்ந்த பிள்ளை எழுதியது என்பது இந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களில் தெரிகிறது.

அந்த முடிவைச் சுபம் என்று சொல்லாதீர்கள், அதை மட்டும் கேட்கிறேன். பீட்டாவைக் கப்பிட்டல் பிடித்து, விசம் ஏற்றி, நினைவுகளையே குழப்பி, கட்னிசைக் கண்டால் கழுத்தை நெரிக்கிற ஆளாக்கி அனுப்புகிறது. அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு நினைவையும் அவளிடம் கேட்டுக் கேட்டுத்தான் சரிபார்க்கிறான், இது நடந்ததா, நடக்கவில்லையா என்று. அவன் ஊருக்குத் திரும்பி வந்ததும் செய்கிற முதல் வேலை, காட்டில் இருந்து பிரிமுடைய பெயருள்ள பூச்செடிகளைக் கிண்டிக் கொண்டுவந்து கட்னிசுடைய வீட்டோரமாக நடுவது. பிள்ளை பெற அவள் சம்மதிப்பதற்குப் பதினைந்து வருடம் எடுக்கிறது. வயிற்றில் அசைவு தெரிந்தபோது வந்த பயத்தை எழுதியிருக்கிறாள், அந்தப் பயம் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் பிள்ளை பெற்றவள் நான்.

வடமராட்சியான் தம்பி, கடற்கரை பற்றி: அந்த இடத்தில் பீட்டா அவளிடம் சொல்வது, நீ உயிரோடு திரும்பிப் போ, உனக்கு வீட்டார் இருக்கிறார்கள், என்னை யாருக்கும் தேவையில்லை என்று. அதற்குப் பதிலாகத்தான் அவள் முத்தமிடுகிறாள். பக்கத்தில் ஆட்கள் சாகும்போது காதல் வராது என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க ஏலாது.

தங்கச்சிக்குக் கொடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மொழி கடினமில்லை, வசனங்கள் சின்னன். நான் வகுப்பில் முதல் அத்தியாயத்தை மட்டும் சத்தமாக வாசித்துக் காட்டுவதுண்டு, மிச்சத்தைப் பிள்ளைகள் தாங்களாகத் தேடிப்போவார்கள். மூன்றாவதை அவள் வாசிக்கும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள், பிரிம் சாவது ஒரே பந்தியில் வந்துவிடும், வேகமாக வாசிக்கிற பிள்ளை அதைத் தாண்டிப் போய்ப் பிறகு திரும்பி வந்து தேடும். அம்மாவிடம் காதல் இருக்கிறது என்று உண்மையைச் சொல்லுங்கள். ஒளித்துக் கொடுத்தால் பிள்ளை அதை மட்டும்தான் தேடி வாசிக்கும்.


வடமராட்சியான்

ரீச்சர், 13 ஆம் மாவட்டம் பற்றி அக்கா சொன்னதை ஏற்கிறேன், அதை நான் யோசிக்காமல் இல்லை, ஆனால் கொய்னைக் கொன்றதோடு எல்லாம் தீர்ந்த மாதிரிக் கதை நகர்ந்துவிடுகிறது என்பது இன்னும் என் குறைதான். புதிய ஆட்சி எப்படி இருந்தது, சாகக் கொடுத்த தாய்மாருக்கு யார் பதில் சொன்னார்கள் என்று ஒன்றும் இல்லை. கடற்கரையை மறுபடி வாசித்துப் பார்க்கிறேன்.


மழைக்கால வாசகி

எல்லாருக்கும் நன்றி. வன்னிமகள் அக்கா, தாலியைச் சட்டைக்கு மேலே எடுத்து விடுகிற அந்தப் பிள்ளையை என்னால் மறக்க ஏலாது. நீங்களே அதை எழுதுங்கள், தட்டச்சு செய்து தர நான் தயார், உண்மையாகத்தான் சொல்கிறேன், தனிமடல் போடுகிறேன்.

ரீச்சர், அந்தப் பாட்டை இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரி முதல் சொல்லே அதுதான். கேல் விசயத்தில் முழுக்க உங்கள் பக்கம் வந்துவிட்டேன். ஆனால் பிள்ளைகள் பெறுகிற கடைசிப் பக்கம் எனக்கு இன்னும் உறுத்துகிறது, அவள் பிள்ளை வேண்டாம் என்று இருந்திருந்தாலும் அது ஒரு முழு வாழ்க்கையாகத்தான் இருந்திருக்கும்.

அம்மாவிடம் கதைத்தேன். முதலில் தான் வாசிக்கப் போகிறாராம், இங்கிலிஸ் வராத இடத்தில் நான் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டுமாம். தங்கச்சி அதற்குள் முதல் அத்தியாயத்தைக் களவாக வாசித்துவிட்டாள். ஸ்னோவின் இளமைக் காலத்தைப் பற்றி 2020 இல் வந்த புத்தகம் யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கி, வாசித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.


தின்னவேலித் தம்பி

என்னிடம் இருக்கு அக்கா, அட்டை கொஞ்சம் கிழிந்தது. சனிக்கிழமை பின்னேரம் பொது நூலகத்தடிக்கு வருவேன், அங்கே தரலாம்.